வேலிக்குள் ஒரு சோலை: நியூயார்க் கிராமர்சி பூங்காவின் வரலாறு

நியூயார்க் மாநகரின் மன்ஹாட்டன் தீவில் மண்ணின் விலை பொன்னின் விலையோடு போட்டியிடுவது. கையகல இடம் கிடைத்தாலும் அதன்மேல் இருபது மாடி, முப்பது மாடி என்று கட்டடம் எழுப்புவது அந்நகரத்தார் வழக்கம். அத்தகைய நகரில், 20-ம் தெருவுக்கும் 21-ம் தெருவுக்கும் இடையே, இரண்டு ஏக்கர் நிலம் ஒரு வீடும் எழும்பாமல், மரமும் புல்லும் பூஞ்செடியுமாக ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது. வடக்கிலிருந்து நெடுந்தொலைவு நேராக ஓடிவரும் லெக்சிங்டன் சாலை இதன் வடபுறத்தை எட்டியதும் நின்றுவிடுகிறது. தென்புறத்திலிருந்து இர்விங் பிளேஸ் என்னும் சிறு தெரு புறப்படுகிறது. இவ்விரண்டையும் ஒன்றாக விடாமல் குறுக்கே கிடக்கும் இந்தச் சோலைக்குக் கிராமர்சி பூங்கா என்று பெயர்.

பூங்கா என்றதும் மாலைப் பொழுதில் குழந்தைகள் ஓடி விளையாடும் திடலே நினைவுக்கு வரும். கிராமர்சி பூங்கா அத்தகையதன்று. அதனைச் சுற்றிலும் இரும்பு வேலி நிற்கிறது, வாயில்கள் பூட்டப்பட்டிருக்கின்றன. சுற்றியுள்ள மனைகளின் உரிமையாளரும் அங்குக் குடியிருப்போரும் மட்டுமே சாவி பெறுவர். ஏனையோர் வேலிக்கு வெளியே நடைபாதையில் உலாவலாம், கம்பிகளின் இடைவெளியில் உள்ளே பார்க்கலாம், அவ்வளவே. நகரத்தில் இதுபோன்ற தனியார் பூங்கா, குவீன்ஸ் பகுதியில் உள்ள சன்னிசைட் கார்டன்ஸ் பூங்காவையும் சேர்த்து இரண்டே என்பர்.

நிலத்தாசை மிகுந்த ஒரு நகரில் இத்தோட்டம் பிழைத்து நின்றது எவ்வாறு? அதைக் காத்த வேலி யாருக்கு நன்மை செய்தது, யாரை வெளியே நிறுத்தியது? பூங்காவைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களையும் ஒருமுறை வலம் வந்தால் இவ்விரு வினாக்களுக்கும் விடை கிடைக்கும்.

சதுப்பு நிலம்

மன்ஹாட்டனை டச்சுக்காரர் ஆண்ட காலத்தில் இவ்விடம் வெறும் சதுப்பு நிலம். வளைந்த சிறு சதுப்பு என்று பொருள்படும் ‘க்ரோம் மோராஸ்யெ’ என்னும் டச்சுத் தொடரே ஆங்கிலேயர் நாவில் திரிந்து ‘கிராமர்சி’ ஆயிற்று என்பர். அங்கு ஓடிய ஓடை வளைந்த கத்தி போலிருந்ததால் அக்கத்தியைக் குறிக்கும் சொல்லே மூலம் என்போரும் உளர். எவ்வாறாயினும் பெயரின் வேர் டச்சு மொழியில் இருக்கிறது. 1664-ம் ஆண்டில் டச்சுக்காரர் ஆட்சி போயிற்று. அவர்கள் இட்ட பெயர் போகவில்லை.

அமெரிக்க விடுதலைப் போருக்குப் பிறகு நியூயார்க்கின் முதல் மேயராக, 1784 முதல் 1789 வரை, பதவி வகித்தவர் ஜேம்ஸ் டுவேன். இப்பகுதி அவருடைய பண்ணையாக இருந்தது. அக்காலத்தில் நகரம் தீவின் தென்கோடியிலேயே ஒடுங்கிக் கிடந்தது. பின்னர் மக்கள்தொகை பெருகியது. 1811-ம் ஆண்டில் அரசு நியமித்த ஆணையாளர் மூவர் தீவு முழுமைக்கும் ஒரு வரைபடம் வகுத்தனர். 12 நெடுஞ்சாலைகளும் 155 குறுக்குத் தெருக்களும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும்படி, சதுரங்கப் பலகை போலக் கோடு கிழித்தனர். மேடு பள்ளம், ஓடை, குன்று எதையும் அக்கோடுகள் பொருட்படுத்தவில்லை. மக்கள் மூச்சுவிடத் திறந்தவெளி மிகக் குறைவாகவே ஒதுக்கப்பட்டது. ஆறுகள் இருபுறமும் சூழ்ந்திருப்பதால் நல்ல காற்றுக்குக் குறைவிராது என்பது அவர்கள் கூறிய சமாதானம்.

ரக்கிள்ஸ் எழுதிய சாசனம்

இக்குறையைத் தமக்கு வாய்ப்பாகக் கண்டவர் சாமுவேல் ரக்கிள்ஸ் என்னும் வழக்கறிஞர். 1799-ம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்து, 1814-ம் ஆண்டில், வயது பதினைந்தை எட்டிய அளவிலேயே யேல் கல்லூரிப் பட்டம் பெற்றவர். 1831-ம் ஆண்டில் டுவேன் பண்ணையில் 22 ஏக்கர் நிலத்தை அவர் வாங்கினார். சதுப்பை வடிக்கவும் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பவும் 1,80,000 அமெரிக்க வெள்ளி செலவிட்டார் என்றும், குதிரை வண்டிகளில் ஏறத்தாழ 10 லட்சம் பார மண் அள்ளப்பட்டது என்றும் சொல்லப்படுகிறது.

நிலத்தை மனைகளாகப் பிரித்த ரக்கிள்ஸ், நடுவில் இருந்த இரண்டு ஏக்கரை விற்காமல் நிறுத்திக்கொண்டார். லண்டனில் செல்வர் வாழும் சதுக்கங்களின் நடுவே, சுற்றியுள்ள வீட்டார்க்கு மட்டும் உரிய தோட்டங்கள் இருப்பதை அவர் அறிவார். அம்முறையை நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார். 1831-ம் ஆண்டு டிசம்பர் 17-ம் நாள் ஒரு சாசனம் எழுதி, நடுநிலத்தை ஐந்து பொறுப்பாளரிடம் ஒப்படைத்தார். சுற்றியுள்ள 60 மனைகளின் உரிமையாளர் அனுபவிப்பதற்காக அவர்கள் அதைத் தோட்டமாகவே வைத்துக் காக்க வேண்டும். மனையை யார் வாங்கினாலும் தோட்டத்தின் அனுபவ உரிமை மனையோடு சேர்ந்து போகும். ஆனால் தோட்டத்தில் தன் பங்கு இது என்று ஒரு துண்டை வெட்டி எடுத்து விற்கும் உரிமை எவருக்கும் இல்லை. இந்த ஏற்பாட்டில்தான் பூங்காவின் ஆயுள் அடங்கியிருந்தது.

நகரமன்றத்தாரிடமும் ரக்கிள்ஸ் ஒரு வாதம் வைத்தார். நடுவே தோட்டம் இருந்தால் சுற்றியுள்ள மனைகளின் மதிப்பு உயரும். மதிப்பு உயர்ந்தால் வரி வருமானமும் உயரும். ஆகவே தோட்டத்துக்கு வரி விதிக்காமல் விடுவது நகரத்துக்கே இலாபம் என்றார். 1832-ம் ஆண்டில் நகரமன்றம் அதை ஏற்று வரிவிலக்கு அளித்தது. தம் மனைகளுக்கு நல்ல பாதை வேண்டும் என்பதற்காக, 1811-ம் ஆண்டு வரைபடத்தில் இல்லாத ஒரு சாலையையும் அவர் முயன்று பெற்றார். பூங்காவுக்கு வடக்கே செல்லும் பகுதிக்கு விடுதலைப் போரின் முதற் போர்க்களமான லெக்சிங்டனின் பெயரும், தெற்கே செல்லும் பகுதிக்குத் தம் நண்பரான எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங்கின் பெயரும் இடப்பட்டன.

1833-ம் ஆண்டில் இரும்பு வேலி எழுந்தது. ஆயினும் வீடுகள் உடனே எழவில்லை. 1837-ம் ஆண்டில் அமெரிக்காவைத் தாக்கிய பொருளாதார நெருக்கடியால் வங்கிகள் பல கதவடைத்தன. வீடு கட்ட முன்வருவோர் குறைந்தனர். இடையில் தோட்ட வேலை மட்டும் நடந்தது. 1839-ம் ஆண்டுக்குள் நடைபாதைகள் அமைந்தன. மரங்களும் செடிகளும் நடப்பட்டன. 1840-களில்தான் வீடுகள் வரிசையாக எழுந்தன. 1844-ம் ஆண்டில் வாயில்கள் முதன்முறையாகப் பூட்டப்பட்டன.

மேற்குத் தெருவின் இரு விளக்குகள்

வலம் வருவோர் மேற்குத் தெருவிலிருந்து தொடங்கலாம். 1840-களைச் சேர்ந்த செங்கல் வீடுகள் இங்கு இன்னும் நிற்கின்றன. அவற்றுள் 3-ம் எண், 4-ம் எண் வீடுகளின் முகப்பில் வார்ப்பிரும்பால் இழைத்த தாழ்வாரங்கள் கொடி படர்ந்தாற்போல் அழகு செய்கின்றன. 4-ம் எண் வீட்டு வாயிலில் இரண்டு விளக்குத் தூண்கள் காணப்படும். நகர மேயர் வீட்டு வாயிலில் இவ்வாறு விளக்கு வைப்பது பழைய வழக்கம். இரவில் இடர் நேர்ந்தால் மேயர் வீடு எது என்று தேடி மக்கள் அலைய வேண்டியதில்லை.

இவ்வீட்டில் 1847-ம் ஆண்டு முதல் 1869-ல் இறக்கும் வரை வாழ்ந்தவர் ஜேம்ஸ் ஹார்ப்பர். 1817-ம் ஆண்டில் சகோதரருடன் சேர்ந்து சிறு அச்சுக்கூடம் ஒன்றைத் தொடங்கி, அதை அமெரிக்காவின் பெரும் பதிப்பகமாக வளர்த்தவர். 1844-ம் ஆண்டில் மேயரானார். பதவி ஓராண்டில் முடிந்தது. மேயர் பதவி போன பிறகே இவ்வீட்டுக்கு வந்தார் என்றாலும், விளக்குகளும் அவரோடு வந்துவிட்டன.

தென்புறம்: தோற்றவர் விட்டுச்சென்ற நூலகம்

தென்புறத்தில் 15-ம் எண் மாளிகை பார்ப்போர் கண்ணை முதலில் ஈர்க்கும். ஷேக்ஸ்பியர், மில்டன், கோதே, தாந்தே, பிராங்க்ளின் ஆகியோரின் தலைகள் அதன் கல் முகப்பில் செதுக்கப்பட்டுள்ளன. இது நியூயார்க் மாநிலக் கவர்னராக இருந்த சாமுவேல் டில்டனின் வீடு. நகரின் கருவூலத்தைக் கொள்ளையடித்த டுவீட் கூட்டத்தை எதிர்த்துப் பெயர் பெற்ற அவர், 1876-ம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். மக்கள் வாக்கில் அவருக்கே பெரும்பான்மை. ஆனால் சில மாநிலங்களின் முடிவு வழக்காகி, தேர்வாளர் வாக்கில் 185-க்கு 184 என்று ஒரே வாக்கில் தோற்றதாக அறிவிக்கப்பட்டார்.

பின்னர் அடுத்தடுத்திருந்த தம் இரு வீடுகளையும் ஒன்றாக்கி 1881-க்கும் 1884-க்கும் இடையே இம்மாளிகையை அமைத்தார். கலகக்காரர் வரக்கூடும் என்ற அச்சத்தால் எஃகுக் கதவுகள் வைத்ததோடு, பின்புறத் தெருவான 19-ம் தெருவுக்குச் செல்லச் சுரங்கவழியும் அமைத்தார் என்பர். பூட்டிய பூங்கா எதிரில், எஃகுக் கதவு வீட்டில், சுரங்கம் காலடியில் என்று வாழ்ந்த இம்மனிதர் 1886-ம் ஆண்டில் இறந்தார். அவருடைய உயிலைத் திறந்து பார்த்தபோது, நகர மக்கள் அனைவரும் இலவசமாகப் படிக்கத்தக்க நூலகம் ஒன்று காணுவதற்காகத் தம் செல்வத்தின் பெரும்பகுதியை அவர் ஒதுக்கியிருந்தது தெரிந்தது. உறவினர் வழக்கிட்டு ஒரு பகுதியைப் பெற்றனர். எஞ்சிய தொகையும், ஆஸ்டர், லெனாக்ஸ் என்னும் இரு நூலகங்களும் 1895-ம் ஆண்டில் ஒன்றுசேர்ந்தே நியூயார்க் பொதுநூலகம் பிறந்தது. டில்டன் மாளிகையோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேசியக் கலைக் கழகத்தின் இல்லமாயிற்று.

நடிகரின் வீடு

அடுத்த வீடு 16-ம் எண். எட்வின் பூத் என்னும் நடிகர் அதை 1888-ம் ஆண்டில் வாங்கினார். ஹாம்லெட் வேடத்தில் அவருக்கு நிகர் அக்கால அமெரிக்காவில் இல்லை என்று புகழப்பட்டவர். ஆயினும் அவர் வாழ்வில் அழியாத கறை ஒன்று படிந்தது. 1865-ம் ஆண்டு ஏப்ரல் 14-ம் நாள் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத் இவருடைய உடன்பிறந்த தம்பி. லிங்கனுக்கே வாக்களித்த எட்வின் அச்செய்தி கேட்டு மேடையை விட்டு ஒதுங்கினார். 1866-ம் ஆண்டு ஜனவரியில் மீண்டும் ஹாம்லெட்டாகத் தோன்றினார். மக்கள் அவரை ஏற்றுக்கொண்டனர்.

கூத்தாடிகள் என்று நடிகரை உயர்குலத்தார் தள்ளிவைத்த காலம் அது. நடிகரும், எழுத்தாளரும், ஓவியரும், வணிகரும் சரிசமமாக அமர்ந்து உரையாடும் இடம் ஒன்று வேண்டும் என்று பூத் எண்ணினார். தம் வீட்டைக் கட்டடக் கலைஞர் ஸ்டான்போர்டு ஒயிட்டைக் கொண்டு திருத்தியமைத்து, ‘பிளேயர்ஸ்’ என்னும் மன்றத்துக்கே கொடுத்துவிட்டார். மார்க் டுவைனும் படைத்தலைவர் ஷெர்மனும் அதன் தொடக்க உறுப்பினர். பூத் மேல்மாடியில் தமக்கு ஓர் அறையை மட்டும் வைத்துக்கொண்டு, 1893-ம் ஆண்டு ஜூன் 7-ம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். 1918-ம் ஆண்டில் அவருக்குப் பூங்காவின் நடுவே வெண்கலச் சிலை வைத்தார்கள். நாற்காலியிலிருந்து எழும் ஹாம்லெட்டாக அவர் அங்கு நிற்கிறார். பூங்காவுக்குள் நுழைய இயலாதவரும் வேலிக்கம்பிகளின் ஊடே அவரைக் காணலாம்.

தென்புறத்தின் கிழக்குப் பகுதியில், 28-ம் எண்ணில், ஆடம்பரம் சிறிதும் இல்லாத கல் கட்டடம் ஒன்று உண்டு. ‘குவேக்கர்’ எனப்படும் நண்பர் சபையார் 1859-ம் ஆண்டில் தங்கள் வழிபாட்டுக்காகக் கட்டியது. படமோ கோபுரமோ இன்றி, அமைதியாக அமர்ந்து வழிபடுவது அவர்கள் நெறி. கட்டடமும் அந்நெறிக்கு ஏற்பவே அமைந்தது. சபையார் அதை விட்டு நீங்கிய பின் இடிபட இருந்த அக்கட்டடம், 1970-களின் நடுவில் யூதர்களின் தொழுகைக்கூடமாக மாறிப் பிழைத்துக்கொண்டது.

இங்கிருந்து தெற்கே இறங்கும் இர்விங் பிளேஸில் ஓ. ஹென்றி 1903 முதல் 1907 வரை, 55-ம் எண் வீட்டில் குடியிருந்தார். கூந்தலை விற்றுக் கணவனுக்குக் கடிகாரச் சங்கிலி வாங்கும் மனைவி, கடிகாரத்தை விற்று மனைவிக்குச் சீப்பு வாங்கும் கணவன் ஆகியோரின் கதையை அவர் 1905-ம் ஆண்டில் வெளியிட்டது இங்கு வாழ்ந்தபோதுதான். வாரக் கூலிக்கு உழைக்கும் ஏழை எளியோரே அவர் கதைமாந்தர். பூங்காவின் வேலியிலிருந்து இரண்டு மூன்று தெரு தள்ளி நடந்தாலே அவர்களை அவர் சந்தித்திருக்க முடியும்.

1863-ம் ஆண்டு ஜூலை

கிழக்குத் தெருவில் வீட்டு வரிசைக்கு மாறாக அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தன. 34-ம் எண் கட்டடம் 1883-ம் ஆண்டிலேயே எழுந்தது. குடியிருப்போர் கூட்டுறவாகச் சேர்ந்து உரிமை கொள்ளும் அடுக்குமாடி வீடுகளில் நியூயார்க்கின் மிகப் பழையவற்றுள் ஒன்று. இதனைக் கடந்து வடபுறத்துக்கு வந்தால் வரலாறு வேறு முகம் காட்டுகிறது.

வடபுறத்தில் வாழ்ந்தவருள் சைரஸ் பீல்டு ஒருவர். 1854-ம் ஆண்டில் அவர் வீட்டு உணவு மேசையைச் சுற்றி அமர்ந்து, அட்லாண்டிக் மாகடலின் அடியில் தந்திக் கம்பி இடும் நிறுவனத்துக்கு அடிகோலினார்கள். 1858-ம் ஆண்டில் இட்ட கம்பி சில வாரங்களில் பழுதாயிற்று. 1866-ம் ஆண்டில் முயற்சி நிலையான வெற்றி பெற்றது. அந்நிறுவனத்தின் தலைவரான பீட்டர் கூப்பர் சற்று வடக்கே லெக்சிங்டன் சாலையில் வாழ்ந்தார். பள்ளிப் படிப்பு வாய்க்கப்பெறாத அத்தொழிலதிபர், உழைக்கும் மக்களின் பிள்ளைகள் கட்டணமின்றிப் பயில 1859-ம் ஆண்டில் கூப்பர் யூனியன் என்னும் கல்விக்கூடத்தைத் திறந்தார்.

அதே வரிசையில் ரக்கிள்ஸின் மகள் எல்லனும் அவள் கணவர் ஜார்ஜ் டெம்பிள்டன் ஸ்ட்ராங்கும் வாழ்ந்தனர். ஸ்ட்ராங் 1835 முதல் 1875 வரை, நாற்பது ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூயார்க்கைப் பற்றி ஆராய்வோர் எவரும் அந்நாட்குறிப்பைப் புரட்டாமல் இருப்பதில்லை.

1863-ம் ஆண்டில் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தது. வடமாநில அரசு கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் கொண்டுவந்தது. 300 வெள்ளி கட்டுவோர் போருக்குப் போக வேண்டியதில்லை என்றது அச்சட்டம். 300 வெள்ளி என்பது ஒரு கூலியாளின் ஏறத்தாழ ஓராண்டு வருமானம். செல்வர் உயிருக்கு ஒரு விலை, ஏழை உயிருக்கு விலையே இல்லை என்ற ஆத்திரம் ஜூலை 13-ம் நாள் கலகமாக வெடித்தது. கலகக்காரருள் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து குடியேறிய தொழிலாளர். அவர்களுடைய சினம் சட்டத்தை இயற்றியோரை விட்டுவிட்டு, தங்களினும் எளியவரான கறுப்பின மக்கள்மேல் பாய்ந்தது. கறுப்பினக் குழந்தைகளின் அனாதை இல்லம் தீக்கிரையாயிற்று. இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பின்வழியாகத் தப்பினர். நான்கு நாட்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அந்நாட்களில் கிராமர்சி பூங்காவைக் காக்கப் பீரங்கிகள் நிறுத்தப்பட்டன. வீட்டாருக்கு மட்டுமே உரிய பூங்காவின் கதவு படைவீரருக்குத் திறக்கப்பட்டது. ஸ்ட்ராங் கலகக்காரரைக் கடுமையாகத் தம் நாட்குறிப்பில் சாடினார். மறு ஆண்டு தமக்குப் பதிலாகப் போருக்குச் செல்ல ஓர் இளைஞனை 1,100 வெள்ளி கொடுத்து அவர் அமர்த்தியதும் அதே நாட்குறிப்பில் இருக்கிறது. சட்டப்படி அது குற்றமன்று. ஆனால் கலகத்தின் காரணத்தைத் தேடுவோர்க்கு அவ்வொரு பதிவே போதும்.

வேலியே மேய்ந்த பயிர்

கிராமர்சிக்கு முன்னரே நியூயார்க்கில் வேறொரு தனியார் பூங்கா இருந்தது. தீவின் தென்மேற்கில், டிரினிட்டி திருச்சபை தன் நிலத்தில் 1803-ம் ஆண்டில் திட்டமிட்ட செயின்ட் ஜான்ஸ் பூங்கா அது. அங்கும் வேலி, அங்கும் சாவி, சுற்றிலும் செல்வர் வீடுகள். ஒரு காலத்தில் நகரிலேயே மதிப்பு மிக்க வட்டாரமாக அது விளங்கியது.

பின்னர் அருகே ஹட்சன் தெருவில் இருப்புப்பாதை வந்தது. புகையும் இரைச்சலும் வந்தன. செல்வர் வடக்கே நகர்ந்தனர். 1866-ம் ஆண்டில் திருச்சபையும் சுற்றியிருந்த மனைக்காரரும் உடன்பட்டு, பூங்காவை ரயில் நிறுவனத்துக்கு 10 லட்சம் வெள்ளிக்கு விற்றனர். மறு ஆண்டு மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன. அவ்விடத்தில் சரக்கு நிலையம் எழுந்தது. சரக்கு நிலையமும் போய், 1927-ம் ஆண்டில் ஆற்றடிச் சுரங்கப் பாதையிலிருந்து வண்டிகள் வெளியேறும் வட்டமாயிற்று. வேலியே பயிரை மேய்ந்தது என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

கிராமர்சிக்கும் சோதனை வராமல் இல்லை. 1890-ம் ஆண்டில் பூங்காவைப் பிளந்து இழுவைக்கம்பி டிராம் பாதை போடும் மசோதா மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கவர்னர் டேவிட் ஹில் அதைத் தடுத்தார். 1912-ம் ஆண்டில் லெக்சிங்டன் சாலையையும் இர்விங் பிளேஸையும் பூங்காவின் குறுக்கே இணைக்கும் திட்டம் எழுந்தது. வட்டாரத்தார் ஒன்றுகூடி எதிர்த்துத் தோற்கடித்தனர். 1966-ம் ஆண்டில் நகரின் நினைவுச்சின்னப் பாதுகாப்பு ஆணையம் பூங்காவையும் அதைச் சூழ்ந்த பகுதியையும் வரலாற்று வட்டாரமாக அறிவித்தது. இத்தனைக்கும் அடிப்படையாக நின்றது 1831-ம் ஆண்டுச் சாசனம். செயின்ட் ஜான்ஸ் பூங்காவில் உரிமையாளர் கைமாறியபோது பூங்காவும் கைமாறியது. கிராமர்சியில் வீடுகள் எத்தனை முறை கைமாறினாலும் பூங்கா பொறுப்பாளர் கையிலேயே இருந்தது.

எல்லார்க்கும் ஒரு பூங்கா

தனிச் சதுக்கங்களால் நகரின் தாகம் தீராது என்பதைப் பலர் உணர்ந்தனர். 1853-ம் ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் தீவின் நடுவே பெருநிலம் வாங்க இசைந்தது. 1858-ம் ஆண்டில் பிரடெரிக் ஓம்ஸ்டெட்டும் கால்வர்ட் வாக்சும் அளித்த திட்டம் தேர்வாயிற்று. இன்று 843 ஏக்கரில் பரந்து கிடக்கும் சென்ட்ரல் பூங்கா அதன் விளைவு. செல்வரும் ஏழையரும் ஒரே பாதையில் நடக்கத்தக்க இடம் வேண்டும் என்பது அவ்விருவரின் கொள்கை. டில்டன் மாளிகையைப் பின்னாளில் வடிவமைத்தவரும் இதே கால்வர்ட் வாக்ஸ் என்பது குறிப்பிடத்தக்கது.

பொதுப்பூங்காவும் யாருக்கும் துன்பம் செய்யாமல் பிறந்துவிடவில்லை. அதற்காக ஏறத்தாழ 1,600 பேர் தம் வீடுகளை விட்டு அகற்றப்பட்டனர். கறுப்பின மக்கள் சொந்த நிலம் வாங்கி, ஆலயமும் பள்ளியும் கட்டி வாழ்ந்த செனக்கா கிராமம் அதில் மறைந்தது. எந்தச் சோலைக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்தவர் யார் என்று கேட்பது வரலாறு படிப்போர் கடமை.

சாவி இல்லாத பிள்ளைகள்

கிராமர்சியின் பூட்டு காலப்போக்கில் தளரவில்லை, இறுகவே செய்தது. 2012-ம் ஆண்டில் வெளிவந்த செய்திப்படி மொத்தச் சாவிகள் 383. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. ஆண்டுதோறும் பூட்டு மாற்றப்படும். சாவியைத் தொலைத்தவர் அப்போது 1,000 வெள்ளி கட்ட வேண்டியிருந்தது.

2001-ம் ஆண்டில் நடந்த நிகழ்ச்சி ஒன்று ஆசிரியர்கள் சிந்திக்கத்தக்கது. தேசியக் கலைக் கழகத்தின் பொறுப்பில் இருந்த ஒருவர், இர்விங் பிளேஸில் இருந்த உயர்நிலைப் பள்ளியின் மாணவர் நாற்பது பேரளவில் பூங்காவுக்குள் அழைத்துச் சென்றார். கழகத்துக்குச் சாவி உரிமை உண்டு. மாணவருள் பெரும்பாலோர் சிறுபான்மை இனத்தவர். அத்துமீறி நுழைந்துவிட்டார்கள் என்று பூங்காப் பொறுப்பாளர் ஒருவர் காவல்துறையை அழைத்தார். வந்த காவலர் நடவடிக்கை எடுக்க மறுத்துவிட்டனர். இனவேற்றுமை காட்டப்பட்டதாக மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2003-ம் ஆண்டில் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஏற்பட்டு, மாணவருக்கு இழப்பீடு வழங்கப்பட்டது.

அம்மாணவர் நாள்தோறும் பள்ளிக்கு வரும் தெரு, ரக்கிள்ஸ் முயன்று பெற்ற தெரு. அவர்கள் படித்த பள்ளியிலிருந்து பூங்கா வேலி கூப்பிடு தொலைவில் இருந்தது. அந்த மண்ணில் அவர்கள் கால்வைத்தது ஒருமுறை, அதுவும் வழக்காயிற்று.

ரக்கிள்ஸின் சாசனம் இல்லையேல் அவ்விரண்டு ஏக்கரும் எந்நாளோ கட்டடக் காடாகியிருக்கும். செயின்ட் ஜான்ஸ் பூங்காவின் கதி அதை ஐயமற நிறுவுகிறது. ஆகவே பூங்காவைக் காத்த சாசனத்தைப் பழிப்பது முறையன்று. ஆனால் காப்பது வேறு, பூட்டுவது வேறு. கட்டாமலும் விற்காமலும் நிலத்தைக் காக்கச் சட்டத்தின் வலிமை வேண்டும். அதற்குப் பூட்டு கட்டாயமன்று. டில்டன் விட்டுச்சென்ற நூலகத்திலும் நூல்கள் காக்கப்படுகின்றன. அதன் கதவோ யாவர்க்கும் திறந்திருக்கிறது. பூங்காவின் வேலியோரம் வாழ்ந்த அவரும் கூப்பரும் அறிந்திருந்த இவ்வுண்மையை அப்பூங்காவின் பூட்டு மட்டும் இன்னும் அறியவில்லை.

கிறிஸ்துமஸ் முதல்நாள் மாலையில், பக்திப் பாடல்கள் பாடுவதற்காக ஒரு மணி நேரம் வாயிலைத் திறந்து எல்லாரையும் உள்ளே விடும் வழக்கம் அங்கு ஏற்பட்டது. அந்த ஒரு மணி நேரத்தில் கூடுவோர் பாடிவிட்டுக் கலைகின்றனர். மரமும் செடியும் பூத்தின் சிலையும் மறுநாள் இருந்தபடியே இருக்கின்றன.